கயிறு இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடாதீர்கள்

என்னோடு ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களே,

பள்ளிக்கூட விழாவுக்கு மலர் போடுவதாகப் போனில் சொன்னீர்கள். அந்தப் பாட்டைப் பற்றி நான்தான் எழுத வேண்டும், பாடினவருடைய தங்கச்சி மகள் நான்தானே என்றீர்கள். ஒரு பாட்டு எப்படி ஒரு ஊரை மாற்றியது என்று நல்லவிதமாக எழுது என்றும் சொன்னீர்கள். எழுதுகிறேன். நல்லவிதமாக வருமா என்று தெரியவில்லை. அந்தப் பாட்டு என்றாலே எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது.

போன மாதம் அது இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது. பொம்மையார்பாளையத்தில் கடலோரமாக ஒரு தங்கும் விடுதியில் நம் பாட்டைப் பாடப்போகிறார்கள் என்று உங்களில் ஒருத்தி வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். நான் விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் மாவாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரி பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, மணலில் நடந்து போனேன். கடல் பக்கத்துக் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்திவிட்டான்.

"கெஸ்ட்டாம்மா?"

"இல்லப்பா. அது எங்க மாமா பாட்டு. கேக்கலாம்னு வந்தேன்."

"பாஸ் கீதா?"

"பாட்டு எங்களுது. பாஸ் வேற வேணுமா?"

"என்கிட்ட பேசி இன்னாம்மா ஆவப்போவுது? இங்கியே குந்திக்கினு கேளு. ஸ்பீக்கர்ல நல்லாத்தான் கேக்குது."

குந்திக் கேட்டேன். கம்பி வழியாகத் தெரிந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு கிதார். எல்லோரும் ஆடாமல் அசையாமல் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தாலாட்டு மாதிரி பாடினார்கள். பாடுவதற்கு முன்னால் ஒரு பெண், "இந்தப் பாடல் ஒரு பூட்டை உடைத்த பாடல்" என்றாள். பூட்டை யாரும் உடைக்கவில்லை. உடைந்தது வேறு. பூட்டுப் போட்ட கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாட, இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்க, வாட்ச்மேன் தலையை ஆட்டிக்கொண்டு, "நல்ல பாட்டும்மா" என்றான்.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும். மலரை உங்கள் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள்.

மரக்காணத்துக்குத் தெற்கே நம் குப்பம். கிழக்கே கடல். மேற்கே தென்னந்தோப்பு, அதைத் தாண்டி மல்லாட்டை என்று நாம் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகள், அதற்கும் அப்பால் பஸ் ரோடு. குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். தோப்புக்குள் இருந்த ஒரே ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். பழைய தோப்புக்காரர் வேலியே போடவில்லை. அவர் விற்றார். வாங்கியவர் திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரி. வாங்கிய மாசி மாதமே முள்கம்பி, இரும்புக் கேட்டு, பித்தளைப் பூட்டு எல்லாம் வந்துவிட்டன. தேங்காய் காணாமல் போகிறது என்று காரணம் சொன்னார். போயிருக்கும். பொறுக்கினவர்களில் நானும் உண்டு, நீங்களும் உண்டு.

பூட்டுக்கு அப்புறம் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பஸ் ரோட்டுக் குழாய்க்குப் போக வேண்டும். தோப்பைச் சுற்றிக்கொண்டு கொல்லை வரப்பில் நடந்து, வரிசையில் நின்று, குடத்தோடு திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வீட்டுக்கு இரண்டு நடையாவது வேண்டும். என் அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்பு கடலுக்குப் போனவர், வரவில்லை. அம்மா விடிந்ததும் மீன் கூடையோடு கிளம்பிவிடுவாள். வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான். நீங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இரண்டாவது நடையில் இருந்தேன். வரப்பிலிருந்து உங்கள் சத்தம் கேட்கும். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், பாதி.

எங்கள் குடம் பித்தளை. அதன் வயிற்றில் ஒரு நெளிசல் உண்டு. அந்த நெளிசல் என் இடுப்பு எலும்பில் அளவெடுத்தாற்போல உட்காரும். அந்தக் குடம் பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் நாம் ஐந்தாவது முடிக்க வேண்டும். ஆறாவதுக்குப் பஸ் ரோட்டு ஊருக்குப் போக வேண்டும். அம்மா என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"கேட்டு தொறந்தா நீ ஆறாவது போ. தொறக்கலியா, கொடத்த எடு. நான் மீன் விக்கறதா, தண்ணி தூக்கறதா, நீயே சொல்லு."

அம்மா கொடுமைக்காரி இல்லை. அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பது எனக்கு அன்றே புரிந்தது. ஆக, பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்குள் அந்தக் கேட்டு திறக்க வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான். பெரியவர்களுக்கு வேறு பல கவலைகள் இருந்தன.

இனி மாமாவுக்கு வருகிறேன். நம் ஊரில் கரைவலை இழுப்பார்கள். படகில் போய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று நார்க்கயிற்றால் கரைக்கு இழுப்பது. இழுக்கும்போது ஒருவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' போட்டு இழுப்பார்கள். அந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர். மாமாதான் பாட்டெடுப்பார். அதில் ஒரு சட்டம் உண்டு. கயிறு கையில் இருக்கும்வரை பாட்டெடுப்பவர் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்கியவர் பதில் பேசக்கூடாது, பேசினால் வலை கிழியும் என்பார்கள். வலை கரையேறிக் கயிற்றைக் கீழே போட்ட பிறகு, பாடியவரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. மாமா ஊர்த் தலைவரின் தொப்பையைப் பாடியிருக்கிறார். என் அம்மாவின் மீன் குழம்பைப் பாடியிருக்கிறார். அவள் தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

பங்குனியில் ஒரு காலை தோப்புக்காரர் மீன் வாங்கக் கரைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, இடுப்பில் சாவிக்கொத்து. மாமா பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

*தோப்புக் கெணறு இனிக்குதடி — ஏலேலோ*
*தொண்டக்குழி கரிக்குதடி — ஏலேலோ*
*சாவி தொங்குது உன் இடுப்புல — ஏலேலோ*
*கொடம் தொங்குது புள்ள இடுப்புல — ஏலேலோ*
*பூட்டு போட்ட மவராசா — ஏலேலோ*
*பூட்டு குடிக்குமா தண்ணி — ஏலேலோ*

கடைசி வரிக்கு ஆட்கள் சிரித்த சிரிப்பில் கயிறு தானாக ஓடி வந்தது. அந்த வரியை மாமா திரும்பத் திரும்பப் போட்டார். நான் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். இத்தனை பேர் எதிரில் இப்படிக் கேட்டுவிட்டார், இனிமேல் இந்த ஆள் எப்படிப் பூட்டி வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

தோப்புக்காரருடைய கால் மணலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வலை கரையேறியது. கயிற்றைக் கீழே போட்டார்கள். அவர் இரண்டு வஞ்சிரம் பொறுக்கி எடுத்து, "பாட்டு பிரமாதம்யா. குரலு வெங்கலம்!" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்து சலசலக்கப் போனார். கயிறு கீழே கிடந்ததால் நம் ஆட்கள் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டமாம். தண்ணீர் இல்லாத ஊரில் சட்டத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

விஷயம் பெரிய வாத்தியார் காதுக்குப் போனது. நல்ல மனுஷர். ஆனால் எதையும் திருத்தாமல் விடமாட்டார். "இந்தப் பாட்டை மனுவோடு சேர்த்துத் திண்டிவனத்தில் அதிகாரி முன்னால் பாடணும். ஆனா இப்படியே பாடினா உள்ளே தள்ளிடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து எழுதினார். 'குடிநீர் நாடி வந்தோம் கோமானே, கருணை காட்டிக் காத்தருள்வீர் சீமானே.' பூட்டு போய்விட்டது, சாவி போய்விட்டது, என் இடுப்பும் போய்விட்டது. பக்கத்து ஊர் மாதா கோயிலில் ஆர்மோனியம் இரவல் வாங்கி வந்தார். அதில் ஒரு கட்டை அழுத்தினால் மேலே வராது, விரலால் நோண்டி எடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நம் பெஞ்சில் அந்த ஆட்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பெஞ்சு உடைந்தது நினைவிருக்கிறதா? மறுநாள் நம்மைத்தான் நிற்கவைத்தார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். குப்பத்து உப்புத் தண்ணீரை ஒரு குடம் தூக்கி வர வேண்டும். அதிகாரி கையில் ஊற்றிச் சுவைக்கச் சொல்ல வேண்டும். "சாட்சி நீதான்" என்றார் வாத்தியார்.

சித்திரை வெயிலில் திண்டிவனம் போனோம். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. மஞ்சள் சுவர், வாசலில் இரண்டு செங்கல் தூண், துருப்பிடித்த இரும்புக் கேட்டு, உள்ளே ஒரு வேப்பமரம். பதினோரு ஆண்கள் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, காலையில் கொடிக்கு நிற்பதுபோல இரண்டு வரிசையில் நின்றார்கள். அதிகாரி வராந்தாவுக்கு வந்தார். வாத்தியார் ஆர்மோனியத்தை அழுத்தினார். மாமா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"குடிநீர் நாடி... ஆரம்பிய்யா" என்று வாத்தியார் பல்லைக் கடித்தார்.

"வரலீங்க."

"என்ன வரலை?"

"பாட்டு வரலீங்க சார்."

அந்தக் கட்டை வேறு மாட்டிக்கொண்டு கொய்யென்று கத்திக்கொண்டே இருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மனுவைக் குடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். என் குடத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை அப்படியே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன். உப்புத் தண்ணீரைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸில் ஒரே சண்டை.

"இன்னா மச்சான், தாலி கட்டப்போற மாப்பிள்ள மாரி முழிச்சிக்கினு நின்ன?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"கை சும்மா கீது. வாய் எப்டிடா வரும்? எத்த இழுத்துக்கினு பாடறது?" என்றார் மாமா.

"பாட்டு தொண்டையிலேர்ந்து வரணும்யா!" என்றார் வாத்தியார்.

"உங்களுக்கு அப்டி வருது சார். எங்களுக்குக் கையிலேர்ந்துதான் வருது. ஒரு மாசமா எங்கள பேஜாரு பண்ணீங்களே, அன்னிக்கே கயிறு எட்த்துக்கோன்னு சொல்லியிருக்கலாம்ல?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மனதுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அந்த மாதமும் பேச்சிலேயே போனது. கயிறு கொண்டுபோகலாமா, போனால் அன்றைக்கு வலை இழுப்பது எப்படி, ஈரக்கயிறா காய்ந்த கயிறா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. கடைசியில் வைகாசிக் கடைசியில் கயிற்றைச் சுருட்டிப் பஸ்ஸின் மேல் ஏற்றினார்கள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாய்யா இது, செத்த பாம்பு நாத்தம் நாறுது" என்றார். இந்தத் தடவை வாத்தியார் வரவில்லை, தலைவலி என்று சொல்லியனுப்பினார். எனக்கு அதே குடம், அதே சாட்சி வேலை.

ஆபீஸில் கயிற்றை வேப்பமரத்தில் கட்டத்தான் போனார்கள். மரத்தடியில் மனு எழுதுகிறவர் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க மாட்டேன் என்றார். அதனால் கேட்டில் கட்டினார்கள். சிவப்புப் பட்டை போட்ட டவாலி ஓடி வந்தார்.

"யோவ், இன்னா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. பாடப்போறோம். சும்மா புடிச்சிக்கினு இருப்போம், அவ்ளோதான். இழுக்க மாட்டோம்" என்றார் மாமா.

அவர் பொய் சொல்லவில்லை. இழுக்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார். பதினோரு பேர் கயிற்றைப் பிடித்துக் குதிகாலை மண்ணில் ஊன்றியதும் மாமாவின் தொண்டை திறந்தது. கோமானும் இல்லை, சீமானும் இல்லை. தோப்புக் கெணறு இனிக்குதடி.

அன்று நான் பார்த்ததை இன்றுவரை வேறு எங்கும் பார்க்கவில்லை. முதலில் டீக்கடைக்காரர் ஏலேலோ போட்டார். எதிரே மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் பத்துப் பேர் தோளில் துண்டோடு வந்து நின்றார்கள், இரண்டாவது சுற்றில் கயிற்றைப் பிடித்தார்கள். எழுந்திருக்க மாட்டேன் என்ற மனு எழுதுகிறவர் எழுந்து வந்தார். யாருக்கு என்ன குறை, எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. 'பூட்டு குடிக்குமா தண்ணி' என்றதும் எல்லோருக்கும் அவரவர் பூட்டு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும்போல. மூன்றாவது சுற்றில் டவாலியும் பிடித்தார். பட்டை தோளிலிருந்து நழுவி முட்டியில் தொங்கியது. வெளியே நின்றது நான் ஒருத்திதான். எனக்கும் பிடிக்க ஆசை. இடுப்பில் குடம். கீழே வைத்தால் சாட்சி கொட்டிவிடும்.

நாலாவது சுற்றில் செங்கல் தூண் பல்லுப்போல ஆடியது. தூணும் கேட்டும் சேர்ந்து சாய்ந்தன. பிடித்திருந்தவர்கள் அத்தனை பேரும் மல்லாந்து விழுந்தார்கள். தோப்புக் கேட்டைத் திறக்கப் போனவர்கள் அரசாங்கக் கேட்டைப் பிடுங்கிப்போட்டார்கள்.

அதிகாரி வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கத்துவார் என்று பார்த்தால், "அந்தப் பூட்டு வரியை இன்னொரு தரம் பாடுங்க" என்றார்.

"கயிறு இல்லாம வராதுங்கய்யா" என்றார் மாமா, மண்ணில் உட்கார்ந்தபடி.

அதிகாரி சிரித்துவிட்டார். திங்கட்கிழமை ஊருக்கு நானே வந்து பார்க்கிறேன் என்றார். சொன்னபடி வந்தார். இதற்கு அந்தப் பாட்டுதான் காரணம், இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் கேட்டு விழுந்தது விழுந்ததுதான். போலீஸ் வந்து பதினோரு பேர் பெயரையும் எழுதிக்கொண்டது. கயிற்றைச் சாட்சிப்பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பி வரவே இல்லை. புதுக்கயிறு முறுக்குகிறவரை வலை போடாமல் குப்பம் அரை வயிறாகக் கிடந்தது. நான் இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போன சாட்சியை மட்டும் யாருமே கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் பள்ளிக்கூடம் திறந்த நாள். நீங்கள் எல்லோரும் எண்ணெய் தடவி, புதுப்பையோடு ஆறாவது சேரப் போன நாள்.

காலையில் அம்மா என்னை எழுப்பினாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"எழுந்திரு, ஜல்தி. ஆபீசர் வர்றாரு. ரோட்டுக்குப் போய் நல்ல தண்ணி ஒரு கொடம் எட்தாந்துடு."

"இன்னிக்கி இஷ்கூல்ல சேக்கணும்மா."

"நாளைக்கிச் சேரலாம். கேட்டே தொறந்துடப்போவுது, அப்பால இன்னா? போ, போ."

"நல்ல தண்ணி இன்னாத்துக்கும்மா? நம்ம தண்ணிய குடுத்தாத்தான அவருக்குத் தெரியும்?"

அம்மா கையை ஓங்கிவிட்டாள். "வூடு தேடி வர்ற மனுசனுக்கு உப்புத் தண்ணியா குடுப்ப? ஊரு மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

அவள் மட்டும் இல்லை, ஊர்த் தலைவரும் அதையேதான் சொன்னார். மாமாவும்தான். பதினோரு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. போனேன். குழாயடியில் வரிசை. நீங்கள் கும்பலாக என்னைக் கடந்து போனீர்கள். உங்களில் ஒருத்தி, "நீ வரலியாடி?" என்றாள். "நாளைக்கி" என்றேன்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மணலில் நடந்து வியர்த்திருந்தார். எங்கள் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டார்கள். அம்மா புதுச் சொம்பில் என் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். முழுச் சொம்பையும் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

மாமாதான் பேசினார்.

"இது எங்க தண்ணி இல்லீங்கய்யா. பஸ் ரோட்லேர்ந்து புள்ள தூக்கினு வந்துது."

"அப்ப பஸ் ரோட்ல நல்ல தண்ணி கிடைக்குது."

"கெடைக்குதுங்க. ஆனா தூரங்க..."

"சரி, உங்க தண்ணியைக் குடுங்க, பார்ப்போம்."

"ஐயோ, அத்தப் போயா குடிக்கறது!" என்று அம்மா பதறினாள். ஊர்த் தலைவர் குறுக்கே வந்து இளநீர் சீவினார். தோப்பு வேலி தாண்டி விழுந்த இளநீர். அதிகாரி அதையும் குடித்தார். "போதும்மா, வயிறு நிறைஞ்சுட்டுது" என்று நோட்டை எடுத்து எழுதினார். என்ன எழுதினார் என்று ஜீப்பில் கூட வந்திருந்த டவாலி கிளம்பும்போது மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். நல்ல குடிநீர் பஸ் ரோட்டில் கிடைக்கிறது, தோப்பு தனியார் சொத்து, மேல் நடவடிக்கை தேவையில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. குடத்தை எடுத்தேன். அம்மா மீன் கூடையை எடுத்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நீங்கள் மலரில் போட ஒன்றும் இருந்திருக்காது. முடியவில்லை. கேட்டு வழக்குக்குப் பதினோரு பேரும் வாய்தாவுக்கு வாய்தா திண்டிவனம் போனார்கள். போகும்போதெல்லாம் கோர்ட்டு வராந்தாவில் யாராவது அந்தப் பாட்டைக் கேட்பார்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அதை வேலைப்பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். மார்கழியில் தோப்புக்காரர் தன் மல்லாட்டையை மண்டிக்கு ஏற்றிப் போனார். அவர்தான் அந்த மவராசா என்று தெரியாமலே அவருடைய மூட்டைகளை அந்தப் பாட்டைப் பாடித்தான் இறக்கினார்கள். அவர் தோப்பில் களை எடுக்க வந்த பெண்கள் அவர் கிணற்றடியிலேயே பாடினார்கள். வீட்டில் அவர் பேரனே, "தாத்தா, பூட்டு தண்ணி குடிக்குமா?" என்று கேட்டானாம்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் கரைக்கு வந்தார். மாமா வலையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டைக் கழட்டிட்டேன்யா. பாட்டை நிறுத்து."

"நான் நிறுத்திடறேங்க. மண்டில யாரு நிறுத்தறது?"

அவர் பூட்டை மணலில் போட்டுவிட்டுப் போனார். பெரிய வாத்தியார் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார், பள்ளிக்கூடக் கதவுக்கு நல்ல பூட்டு இல்லையாம். நீங்கள் மலரில் படம் போடப்போகும் பூட்டு அதுதான்.

ஆக, பாட்டு பலிக்கவில்லை என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். மனுவுக்கும் நோட்டுக்கும் முடியாததை அந்தப் பாட்டு முடித்தது. ஏழு மாதம் தாமதமாக. அதற்குள் நீங்கள் அரையாண்டுப் பரீட்சை எழுதிவிட்டீர்கள். அடுத்த வருஷம் வா என்றார்கள். அடுத்த வருஷம் அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது, மீன் கூடை என் தலைக்கு வந்தது. பிறகு அனந்தபுரம் சந்தையில் கருவாடு, செங்கல் சூளை, பெங்களூரில் சித்தாள், எத்தனையோ ஊர். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. ஒரு தடவை கண்டாச்சிபுரம் பக்கம் மல்லாட்டை பிடுங்கப் போனபோது பக்கத்துப் பாத்தியில் பெண்கள் பாடினார்கள். கூலியை இழுத்தடித்த ஒரு கொல்லைக்காரர் மேல் பாட்டு. வார்த்தை எல்லாம் வேறு, கடைசியில் மட்டும் 'பூட்டு குடிக்குமா தண்ணி.' யார் போட்ட பாட்டு என்று கேட்டேன். "அது எங்கூருப் பாட்டுக்கா, ஆதிலேர்ந்து பாடறது" என்றாள் ஒருத்தி. செடியைப் பிடுங்கிக்கொண்டே ஏலேலோ போட்டேன்.

மாமா சாவதற்கு முந்தின வருஷம் பார்க்கப் போயிருந்தேன். "மருமவளே, அன்னிக்கி உன்ன அந்தத் தண்ணிக்கு அனுப்பியிருக்கக் கூடாது" என்றார்.

"ஆமா மாமா" என்றேன்.

விழா மேடையில் அந்தப் பாட்டைப் பாட என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மைக் முன்னால் நின்றுகொண்டு பாடச் சொன்னால் எனக்கும் காற்றுதான் வரும். வருகிறேன், ஆனால் நார்க்கயிறு ஒன்று வேண்டும், நைலான் வேண்டாம். அதன் ஒரு முனையை எந்தக் கேட்டில் கட்டுவது என்று நீங்களே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். பொம்மையார்பாளையத்தில் ஒன்று நான் பார்த்து வைத்திருக்கிறேன். அதையும் ஒரு மாதம் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

கயிற்றை இந்தத் தடவை நான் பிடிக்கிறேன். குடத்தை உங்களில் யாராவது பிடித்துக்கொள்ளுங்கள்.